ஸ்டெப்னி பஞ்சரானால் வண்டி நிற்குமா?

ரொம்ப நாளாக எழுத நினைத்து, வெட்கத்தால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. பரீட்சை முடிந்துவிட்டது, கையில் வேறு வேலை இல்லை. எழுதிவிடுகிறேன்.

ஒரு கார் அடையாறு திரு.வி.க. பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சக்கரமும் ஜம்மென்று இருக்கின்றன. பெட்ரோல் இருக்கிறது. டிரைவருக்கும் தூக்கம் இல்லை. திடீரென்று நடுப்பாலத்தில் வண்டி நின்றுவிடுகிறது. இறங்கிப் பார்த்தால், டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியில் காற்று இல்லையாம். அதனால் நின்றதாம்! இப்படி ஒரு காரை யாராவது செய்வார்களா என்று கேட்பீர்கள். நான் செய்தேன். காருக்குப் பதிலாக சர்வர், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது காந்தி நகரில் ஒரு வீட்டு மாடி போர்ஷனில். கீழ்வீட்டு மாமி 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம் மூழ்கியபோது வீட்டிலேயே சாம்பார் சாதம் கிளறி அனுப்ப ஆரம்பித்தவர், வெள்ளம் வடிந்த பிறகும் நிறுத்தவே இல்லை. எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பெரிய வீடு, வாசலில் வேப்பமரம், உள்ளே எண்பது வயதில் ஒருவரோ இருவரோ. பிள்ளைகள் நியூ ஜெர்சியிலோ சிட்னியிலோ. அப்படிப்பட்டவர்களுக்குக் காலையிலும் மத்தியானமும் சாப்பாடு. நாலு தெருவில் நாலு வீட்டில் சமையல், பத்துப் பன்னிரண்டு பேர் எடுத்துப் போய்க் கொடுப்பார்கள். காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பார்கள். இல்லாதவர்களிடம் மாமி கேட்பதில்லை.

இதெல்லாம் ஒரு நீல அட்டை போட்ட நோட்டில் நடந்துகொண்டிருந்தது. யாருக்கு உப்பு கூடாது, யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டு காலிங் பெல் வேலை செய்யாது, யாருக்குக் காது கேட்காது, எல்லாம் அந்த நோட்டில். 2023-ல் நான் இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு ஒரு நோட்டைப் பார்த்தால் என்ன தோன்றும்? "மாமி, இதை வெப்சைட்டா பண்ணித் தரேன்" என்று தோன்றும். தோன்றியது. செய்தோம். நானும் வேளச்சேரியில் இருக்கும் என் வகுப்புத் தோழனும். (அவன் பெயரைப் போட்டால் உதைப்பான். 'வேளச்சேரிக்காரன்' என்றே சொல்லிக்கொள்கிறேன்.) மும்பையில் ஒரு சின்ன வாடகை சர்வர், 1 ஜிபி மெமரி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். மாமிக்கு ஒரு பழைய டேப்லெட்.

செப்டம்பர் கடைசியில் மாமி நோட்டில் எழுதுவதை நிறுத்தினார். நாங்கள்தான் நிறுத்த வைத்தோம். "ரெண்டு இடத்துல எழுதினா ரெண்டும் தப்பாயிடும் மாமி" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னது நான்தான்.

அக்டோபரில் ஒரு நாள் என் கைத்தவறால் டேட்டாபேஸை அழித்துவிட்டு, முந்தின இரவு எடுத்த பேக்கப்பிலிருந்து மீட்டேன். அன்று பகல் முழுக்கப் பதிவானதெல்லாம் போச்சு. ஒரு பாட்டிக்கு மறுநாள் சாப்பாடு போகவில்லை. மாமி கத்தவில்லை. "நோட்டா இருந்தா இப்படி ஆயிருக்காதேடா" என்று மட்டும் சொன்னார். அதற்குக் கத்தியிருக்கலாம்.

இனி ஒரு பதிவுகூடத் தொலையக்கூடாது என்று ரோஷத்தோடு உட்கார்ந்தேன். அப்போதுதான் ஸ்டெப்னி வந்தது. வேளச்சேரிக்காரன் வீட்டு மேஜையடியில் ஒரு பழைய டெஸ்க்டாப் சும்மா கிடந்தது. அதில் இன்னொரு போஸ்ட்கிரெஸ் போட்டு, மும்பையில் எழுதப்படுவதெல்லாம் உடனுக்குடன் இங்கேயும் எழுதப்படும்படி செய்தோம். மும்பை படுத்தால் வேளச்சேரி எழுந்து நிற்கும். இதை ஃபெயில்ஓவர் என்பார்கள். எங்களுக்குள் மும்பைக்காரன் அண்ணன், வேளச்சேரிக்காரன் வீட்டுப் பெட்டி தம்பி.

இங்கேதான் ஒரு தேர்வு இருக்கிறது. தம்பிக்கு அனுப்புவதை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, அண்ணன் தன் வட்டில் எழுதி முடித்ததும் 'சரி, சேமித்தாச்சு' என்று சொல்லிவிட்டு, நகலைத் தம்பிக்குப் பின்னால் அனுப்பிக்கொள்வது. அந்த இடைவெளியில் அண்ணன் செத்தால் கடைசி ஒன்றிரண்டு பதிவு போகலாம். இரண்டாவது, தம்பியும் 'எனக்கு வந்துவிட்டது' என்று பதில் சொன்ன பிறகுதான் அண்ணன் 'சேமித்தாச்சு' என்று சொல்வது. இதில் எதுவும் போகாது. அக்டோபர் சூடு ஆறாத நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சோதித்தும் பார்த்தேன். மும்பை சர்வரை நிறுத்தினேன், வேளச்சேரி அழகாக எழுந்தது. மூன்று தடவை பார்த்தேன். இருவரும் போய் டீ குடித்தோம். அண்ணன் செத்தால் தம்பி வருவானா என்றுதான் பார்த்தோம். தம்பி செத்தால் அண்ணன் என்ன செய்வான் என்று பார்க்கத் தோன்றவே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? டிக்கியில் கிடப்பதுதானே!

2023 டிசம்பர் 3, ஞாயிறு இரவு. மிக்ஜாம் புயல். 5-ம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது, ஆனால் அதற்கு முன் சென்னையைப் பிழிந்துவிட்டுத்தான் போனது. திங்கட்கிழமை காலை எழுந்தபோது கரண்ட் இல்லை. முன்னெச்சரிக்கையாக ஊரில் பல இடங்களில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் தெருவில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். போனில் ஒரு கோடு சிக்னல், அதுவும் பால்கனியில் நின்றால்தான். லேப்டாப்பில் 64 சதவீதம் சார்ஜ்.

ஏழரை மணிக்கு மாமி மாடிப்படியில் பாதி ஏறி நின்று குரல் கொடுத்தார். "ஏண்டா, உன் மெஷின் படுத்துண்டுடுத்தா? சக்கரம் சுத்திண்டே இருக்கு!"

சிக்னல்தான் மாமி, மழை, என்றேன். ஊரே சிக்னல் இல்லாமல் தவிக்கும்போது வேறென்ன சொல்வது? அதுதான் அன்றைய முதல் தப்பு. ஒரு மணி நேரம் போனது. பெசன்ட் நகரிலிருந்து ஒருவர், இந்திரா நகரிலிருந்து ஒருவர், எல்லோரும் ஒரே புகார். முதல் பக்கம் வருகிறது, உள்ளே நுழைந்தால் சக்கரம் சுற்றுகிறது. கொஞ்ச நேரம் கழித்து முதல் பக்கமும் வருவதில்லை. அப்புறம் தானாக வருகிறது.

கீழே போனேன். அடுப்பில் பெரிய அண்டாவில் பொங்கல். எடுத்துப் போக மூன்று பேர் குடையோடு நிற்கிறார்கள். மாமி நோட்டை வெளியே எடுத்துவிட்டார். ஆனால் நோட்டில் செப்டம்பர் வரைதான் இருக்கிறது, 63 பேர். வெப்சைட்டில் 71. புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் வீடு ஒருவருக்கில்லை ஒருவருக்குத் தெரியும். மீதி மூன்று பேரின் விலாசமும் போன் நம்பரும் மும்பையில் இருக்கின்றன. அதில் ஒருவர் கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் இருக்கும் தாத்தா, 81 வயது, தனியாள். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு எட்டரைக்கு நம் பொங்கலைத்தான் சாப்பிடுவார். மாமிக்கு அது நினைவிருக்கிறது. வீட்டு நம்பர் நினைவில்லை.

"இன்சுலின் போட்டுண்டு சாப்பிடாம இருந்தா மயக்கம் வந்துடும்டா" என்றார் மாமி. எனக்கு வயிற்றைப் புரட்டியது.

பால்கனியில் குடையைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்க, கீழே ஸ்டூல் போட்டு நான் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். போன் வழியாக மும்பை சர்வருக்குள் நுழைந்தேன். ஒரு எழுத்து தட்டினால் மூன்று வினாடி கழித்து வந்தது. லாக்கைத் திறந்தால், மெமரி தீர்ந்துவிட்டது, அதனால் லினக்ஸ் ஒரு போஸ்ட்கிரெஸ் ப்ராசஸைக் கொன்றுவிட்டது என்று எழுதியிருந்தது. அதில் ஒன்று செத்தால் மொத்த டேட்டாபேஸும் ஒருமுறை விழுந்து எழும். ஏறக்குறைய கால் மணிக்கு ஒருமுறை இது நடந்திருந்தது.

மெமரி போதவில்லை என்றால் என்ன செய்வோம்? கூட்டுவோம். வாடகை சர்வரை 2 ஜிபி ஆக்கினேன். மாதத்துக்கு இன்னும் சில நூறு ரூபாய், போகட்டும். ரீஸ்டார்ட் ஆக ஐந்து நிமிடம். "சரியாயிடுச்சு மாமி!" என்று மாடியிலிருந்தே கத்தினேன். சரியாகவில்லை. ஆனால் இந்தத் தடவை கால் மணி கழித்து சர்வர் சாகவில்லை. வேறு ஒரு செய்தி வந்தது: மன்னிக்கவும், ஏற்கெனவே நிறைய பேர் இணைப்பில் இருக்கிறார்கள்.

இந்தச் செய்திதான் என்னைக் காப்பாற்றியது. போஸ்ட்கிரெஸ் சாதாரணமாக ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். எங்களிடம் அந்த நேரத்தில் இருந்ததோ, சிக்னல் கிடைத்த நாலைந்து பேர். நாலைந்து பேர் எப்படி நூறு நாற்காலியையும் நிரப்ப முடியும்? உட்கார்ந்தவன் எழுந்திருக்காவிட்டால் முடியும். ஆக, கூட்டம் அதிகம் என்பதல்ல பிரச்சினை. யாரோ எதற்காகவோ காத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருக்கிறார்கள். முன்பு 1 ஜிபி இருந்தபோது நூறு நாற்காலி நிரம்புவதற்குள்ளேயே மெமரி தீர்ந்து செத்துக்கொண்டிருந்தது, அதனால் இது தெரியவில்லை.

அந்த நூறில் மூன்று நாற்காலியை போஸ்ட்கிரெஸ் நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். (அதை எழுதியவர்களுக்குக் கோடி புண்ணியம்.) அப்படி ஒன்றில் நுழைந்து, யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கேட்டேன். 97 வரிசை. 97-லும் ஒரே வேலை: கமிட். 97-லும் எதற்காகக் காத்திருக்கிறது என்ற இடத்தில் ஒரே சொல்: சிங்க்ரெப். அதாவது, 'தம்பி பதில் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்'.

அப்போது சார்ஜ் 31 சதவீதம். மழை சாய்ந்து அடித்து லேப்டாப் மேல் துளி விழ, அம்மா புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வேளச்சேரியில் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் தீர்ந்து, மேஜையடியில் இருந்த அந்தப் பெட்டி காலை ஏழு மணி சுமாருக்கு அணைந்திருக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து, துளி மழை படாத, கரண்ட் போகாத மும்பை சர்வர், தம்பியின் பதிலுக்காக நின்றுவிட்டது. போஸ்ட்கிரெஸுக்கு இதில் காலக்கெடு கிடையாது. பத்து வினாடி பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்ற எண்ணமெல்லாம் அதற்கு இல்லை. ராமாயணத்துப் பரதனாவது பதினாலு வருஷம் என்று கணக்கு வைத்திருந்தான்.

எழுதுவதுதானே நிற்கும், விலாசத்தைப் படிக்கவாவது முடிந்திருக்க வேண்டுமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனியாக இருக்கும் முதியவர்களின் விலாசம் ஆயிற்றே, யார் எப்போது பார்த்தார்கள் என்று தெரிய வேண்டாமா? அதனால் ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் 'இன்னார் பார்த்தார்' என்று ஒரு வரி டேட்டாபேஸில் எழுதும்படி வைத்திருந்தேன். பார்ப்பதே எழுதுவதாகிவிட்டது. அதுவும் போதாதென்று தொண்டர்களின் பக்கம் முப்பது வினாடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அவர்கள் போனைப் பையில் போட்டாலும் நாற்காலி நிரம்பிக்கொண்டே போகும். பதிவு தொலையக்கூடாது என்பது நல்ல எண்ணம், விலாசத்துக்குக் காவல் என்பதும் நல்ல எண்ணம், பட்டியல் புதிதாக இருக்க வேண்டும் என்பதும் நல்ல எண்ணம். மூன்றும் சேர்ந்து ஒரு தாத்தாவைப் பட்டினி போட்டுவிட்டன.

தீர்வு ஒரே வரி. யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற அமைப்பில் தம்பியின் பெயரை அழித்துவிட்டு, அமைப்பை மறுபடி படிக்கச் சொன்னால் போதும், ரீஸ்டார்ட்கூட வேண்டாம். செய்தேன். 97 வரிசையும் அந்தக் கணமே காணாமல் போயின. மணி 11:20.

கீழே ஓடினேன். டேப்லெட்டில் பட்டியல் வந்துவிட்டது. கோட்டூர்புரம் தாத்தா பெயரில் ஏழு பொங்கல்! காலையில் முதல் ஆளாக அவர் பதிவைத்தான் மாமி போட்டிருக்கிறார். பக்கம் ஏற்கெனவே திறந்திருந்ததால் 'சேமி'யை அழுத்த முடிந்திருக்கிறது. சக்கரம் சுற்றச் சுற்ற ஏழு தடவை அழுத்தியிருக்கிறார். ஏழும் மும்பை வட்டில் எழுதப்பட்டுத்தான் இருந்தன. 'எழுதியாச்சு' என்று வெளியே சொல்வதற்குத்தான் தம்பியின் அனுமதி வேண்டியிருந்தது. நடுவில் எத்தனை தடவை செத்துப் பிழைத்தும் ஒரு பதிவுகூடத் தொலையவில்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்திருந்தது.

தாத்தாவுக்குப் போன் போகவில்லை. எங்களில் உயரமான ஒருவர் டிபன் கேரியரைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நடந்தே போனார். 12:15-க்குப் போய்ச் சேர்ந்தார். தாத்தா கட்டில் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாராம், தரையில் கணுக்கால் தண்ணீர். நல்லவேளை, சாப்பாடு வரவில்லை என்றதும் சர்க்கரையை அப்படியே ரெண்டு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, ஒரு பாக்கெட் மேரி பிஸ்கட்டை முடித்திருக்கிறார். நாற்பது வருஷ சர்க்கரைக்காரர், அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவராக இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்குள் நான் ரொம்ப தூரம் போவதில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு, என்னைப் போல இன்னொரு முட்டாள் உலகத்தில் உண்டா என்று தேடினேன். மனசுக்கு ஆறுதல் வேண்டுமே! கிடைத்தது முட்டாள் இல்லை, தேசிய பங்குச்சந்தை. 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11:40-க்கு அங்கே வர்த்தகம் நின்றது. மாலை 3:45-க்குத்தான் மறுபடி தொடங்கி, 5 மணி வரை நீட்டித்தார்கள். பங்குச்சந்தையே பிறகு தந்த விளக்கத்தைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. முதன்மைத் தளத்துக்கும், அதற்கு அருகிலேயே வைத்திருந்த மாற்றுத் தளத்துக்கும் இடையே இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள். ஒன்று போனால் இன்னொன்று. வழியில் சாலை தோண்டும் வேலை நடந்ததில் இரண்டுமே தடுமாறின. சரி, மாற்றுத் தளத்தோடு தொடர்பு போனால் போகட்டும், முதன்மைத் தளம் பாட்டுக்கு ஓட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். தகவலைச் சேமிக்கும் அமைப்பு எதிர்பாராத விதமாக நடந்துகொண்டு, முதன்மைத் தளத்திலேயே சர்வர்களுக்குக் கிடைக்காமல் போய்விட்டது. இடர் மேலாண்மை வேலை செய்யவில்லை, அது இல்லாமல் வர்த்தகம் நடத்த முடியாது. இதில் நமக்கு இன்னொரு சுவாரசியம், அவர்களுடைய தூரத்து மாற்றுத் தளம் இருந்தது சென்னையில். அன்று அதற்கு மாற்றவும் இல்லை.

அடுத்த மாதமே செபி ஒரு விதி போட்டது. முக்கிய அமைப்பு ஏதாவது நின்றால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவித்தாக வேண்டும், அறிவித்த பின் 45 நிமிடத்துக்குள் மாற்றுத் தளத்திலிருந்து இயங்க வேண்டும். 2024-ல் மார்ச் 2, மே 18 என்று இரண்டு சனிக்கிழமைகளில் பங்குச்சந்தைகள் சிறப்பு வர்த்தகம் நடத்தியது நினைவிருக்கலாம். கொஞ்ச நேரம் முதன்மைத் தளத்தில், பிறகு மாற்றுத் தளத்தில். நிஜப் பணத்தோடு ஒத்திகை.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ் செய்தது பிழை இல்லை. இருக்கும் ஒரே ஸ்டாண்ட்பை விழுந்தால் பதில் வராமலே போகலாம் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல்லில் இதே மாதிரி ஏற்பாடு செய்தால் பத்து வினாடி பார்த்துவிட்டுத் தம்பியை விட்டுவிட்டு வேலையைத் தொடரும். ஆரக்கிளில் 'மேக்சிமம் புரொடெக்‌ஷன்' என்று ஒரு முறை உண்டு. அதில் ஸ்டாண்ட்பை ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால் முதன்மை டேட்டாபேஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். வேண்டுமென்றேதான். வங்கியில் யாரோ ஒருவர் பத்து லட்சம் போட்டுவிட்டு, அந்தப் பதிவு தொலைந்து போவதைவிட, கவுன்டரை மூடிவிடுவது மேல். ஆக, நிற்பதா ஓடுவதா என்று யாராவது முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். நான் முடிவு செய்கிறேன் என்று தெரியாமலே முடிவு செய்துவிட்டேன்.

இதைத் தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஜனவரியில். அவர் பெரம்பூர் ஐ.சி.எஃப்.-ல் ரயில் பெட்டி செய்த இன்ஜினியர். சுவரில் ஈரக்கறை இன்னும் இருந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதுல என்னப்பா அதிசயம், ரயில் பிரேக்கே அப்படித்தானே" என்றார்.

எனக்குத் தெரியாது. நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். ரயிலில் எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு குழாய் ஓடுகிறது. அதில் காற்று, 5 கிலோ அழுத்தத்தில். காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நிஜம் தலைகீழ். காற்று இருக்கும்வரைதான் பிரேக் விட்டிருக்கும், அழுத்தம் குறைந்தால் பிடித்துக்கொள்ளும். நடுவில் குழாய் அறுந்தாலும், பெட்டி கழன்று போனாலும், யார் சொல்லாமலும் ரயில் நிற்கும். வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் முதலில் செய்த காற்று பிரேக்கில் இது கிடையாது, குழாய் அறுந்தால் பிரேக்கே இருக்காது. 1872-ல் தலைகீழாக்கினார். தாத்தா இதைச் சொல்லும்போது இரண்டு கையையும் குழாய் மாதிரி நீட்டி, நடுவில் வெட்டிக் காட்டினார்.

"தொடர்பு அறுந்தா நிக்கணும்னு உன் சர்வர் நெனச்சிருக்கு. ரயிலுக்கு அது சரி. நின்ன ரயில்ல யாரும் சாக மாட்டான். ஆனா எனக்குப் பசிக்குமே, நான் என்ன கூட்ஸ் வண்டியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. இருந்தாலும் சிரித்து வைத்தேன்.

இப்போது எங்கள் ஏற்பாடு வேறு. அண்ணன் தம்பிக்காகக் காத்திருப்பதில்லை, எழுதிவிட்டு நகலைப் பின்னால் அனுப்புகிறான். மும்பையே எரிந்தால் கடைசி ஒரு வினாடிப் பதிவு போகலாம். போனால் மாமி ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வார், பொங்கல்தானே, பத்து லட்சம் இல்லை. யார் பார்த்தார்கள் என்ற வரி டேட்டாபேஸுக்குப் போகாமல் தனிக் கோப்பில் விழுகிறது. இன்னொரு கண்ணியும் காத்திருந்தது. தம்பி திரும்பி வருவான், வந்தால் விட்ட இடத்திலிருந்து கேட்பான் என்று, அண்ணன் பழைய குறிப்புகளையெல்லாம் அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போவான். வட்டு நிரம்பும்வரை! அதற்கும் ஒரு வரம்பு வைத்தேன். வேளச்சேரிப் பெட்டி ஐந்து நாள் கழித்துத்தான் உயிர் பெற்றது. உள்ளே சேறு. துடைத்துக் காயவைத்து, வேளச்சேரிக்காரன் சுவிட்சைப் போட்டதும் ஒன்றுமே நடக்காதது போல ஓட ஆரம்பித்தது. அன்று அதை எட்டி உதைக்கலாம் போல இருந்தது.

மாமி நோட்டுக்குத் திரும்பிவிட்டார். டேப்லெட்டும் உண்டு, நோட்டும் உண்டு. ரெண்டும் அவ்வப்போது தப்பாகத்தான் இருக்கின்றன. சனிக்கிழமை தோறும் அவர் வாசிக்க நான் திருத்துகிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு, மத்தியானச் சாப்பாடெல்லாம் போய் முடிந்த பிறகு, மூன்று மணிக்கு வேளச்சேரிக்காரன் தம்பியின் ஒயரைப் பிடுங்குவான். அண்ணன் ஓடுகிறானா என்று பார்க்க வெளியிலிருந்து யாராவது ஒரு பதிவு போட வேண்டும். அந்த வேலையைத் தாத்தா கேட்டு வாங்கிக்கொண்டார். கோட்டூர்புரத்திலிருந்து தன் போனில் தன் பெயருக்கே ஒரு சாப்பாடு பதிவு செய்து, குறிப்பு என்ற இடத்தில் 'சோதனை' என்று எழுதுவார். போன மாதம் மாமி கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, அகாலத்தில் என்ன சாப்பாடு கேட்கிறாரோ, பாவம் என்று தயிர் சாதமும் நார்த்தங்காயும் கட்டி அனுப்பிவிட்டார். பதிவை அழிக்க நான் போன் செய்தபோது தாத்தா, "அவசரப்படாதேப்பா, சாப்பிட்டு முடிச்சிடறேன்" என்றார்.